தெருப் பெயரும் குலப் பெருமையும்

நம் சமூகத்துக் குடும்பங்களில் வம்சாவளி தொகுக்கும் ஆர்வம் அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களைக் கேட்டறிந்து கிளை கிளையாக எழுதி, திருமணங்களிலும் ஜினாலய விழாக்களிலும் சிறு நூலாக வழங்குகின்றனர். நல்ல முயற்சியே. இத்தொகுப்புகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். 'எங்கள் ஊரில் இன்ன தெரு எங்கள் முன்னோர் பெயரால் வழங்குகிறது. அவர் ஊருக்குச் செய்த கொடையைப் பாராட்டி ஊரார் அப்பெயரைச் சூட்டினர்' என்பதே அது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில், தெருக்களிலும் குடியிருப்புகளிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவதற்குத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்ததிலிருந்து இவ்வினா இன்னும் கூர்மை அடைந்துள்ளது. 'நயினார் தெரு' என்பது ஒருவரின் பெயரா, மரியாதைச் சொல்லா, சாதிப் பெயரா என்று கேட்பார் உளர். விடை கூற வேண்டியவர்கள் தம் வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய பத்திரங்களைத் தேடுகின்றனர்.

இத்தேடலில் ஒரு சிராவகர் ஈடுபடுவது தகுமா, தகுமாயின் எவ்வளவில் தகும் என்பதே நாம் இங்கு ஆராயக் கருதும் பொருள். காரணமின்றி இவ்வையம் எழவில்லை. நற்காட்சிக்கு மாசு விளைக்கும் எண்வகை மதங்களை அருங்கலச்செப்பு வழியாக நம் இல்லங்களில் பலரும் அறிவர். அவற்றுள் ஒன்று குலமதம். தந்தை வழிப் பெருமையை எண்ணிச் செருக்குறுதல் அது. பாட்டனார் பெயரைத் தெரு முனையில் எழுதிக் காணும்போது உள்ளத்தில் எழும் மகிழ்ச்சி குலமதத்தின் முளையா, அல்லது செய்ந்நன்றி அறிதலா? இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். பிரித்தறிவது கடினம்.

முதலில் தெருப் பெயர்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதைச் சிறிது காண்போம். பெருமக்கள் கூடித் தீர்மானம் இயற்றிப் பெயர் சூட்டுவது பிற்காலத்து வழக்கம். அதற்கு முன் தெருவுக்குப் பெயர் இட்டது வழிப்போக்கனின் வாய். யார் வீட்டுக்குப் பலர் சென்றனரோ, எந்தத் தொழில் அங்கு நடந்ததோ, எந்த மரம் அங்கு நின்றதோ, அதுவே பெயராயிற்று. சென்னைப் பட்டணத்தில் ஆர்மீனிய வணிகர் குடியிருந்து, கோயில் எழுப்பி வாழ்ந்த தெரு, தமிழர் நாவில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அங்கு அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரரும் இல்லை. 'ஆர்மீனியன்' என்ற ஒலி நம் மக்களுக்குப் பொருள் தரவில்லை. பொருள் தரும் ஒலியாக மாற்றிக் கொண்டனர். அதே பட்டணத்தில் சுங்குராம செட்டியார் பெயரால் ஒரு தெரு உண்டு. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து பின் அந்நிலையை இழந்தவர். அவருடைய தோட்டத்தைக் கம்பெனியார் கையகப்படுத்தி 1734இல் நெசவாளர் குடியிருப்பாக அமைத்தனர். அதுவே சிந்தாதிரிப்பேட்டை. அவர் நிலத்தில் எழுந்த ஊர் அவர் பெயரைத் தாங்கவில்லை. பெயருக்கும் கொடைக்கும் உள்ள உறவு இவ்வளவு தளர்வானது.

'நயினார்' என்னும் சொல்லையும் இங்கு நினைவு கூர்தல் வேண்டும். நமக்கு அது குடிப்பெயர் போல் ஆகிவிட்டது. ஆயினும் அது தலைவர், பெரியவர் எனப் பொருள்படும் பொது மரியாதைச் சொல்லே. இராமநாதபுரம் பகுதியில் நயினார்கோவில் என்ற சிவத்தலம் உள்ளது. சித்திரபுத்திர நயினார் என்று சைவ மக்கள் வழிபடுகின்றனர். தென்பாண்டி நாட்டில் பிற குடியினர் இயற்பெயராகவும் இடுகின்றனர், இசுலாமியரிடையேயும் வழங்குகிறது. ஆகவே ஓரூரில் நயினார் தெரு இருப்பதால் மட்டும் அது நம்மவர் தெரு என்று முடிவு கட்டுதல் கூடாது. கண்ட இடமெல்லாம் நமது என்று கூறும் ஆர்வம் நம் எழுத்துகள் சிலவற்றில் மிகுந்திருப்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

உண்மையைத் தேடுவோர்க்குக் கைகொடுப்பவை புகழ்மாலைகள் அல்ல, பத்திரங்களின் நான்கெல்லைகளே. ஒருவர் தம் மனையை விற்கும்போது 'இதற்குக் கிழக்கு இன்னார் மனை, மேற்கு இன்ன தெரு' என்று எழுதுகிறார். அவருக்கு எவரையும் புகழும் நோக்கம் இல்லை. எல்லை குறிப்பதே நோக்கம். ஆகவே அச்சொல் நம்பத்தக்கது. 1864ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்குப் பின் பதிவான ஆவணங்கள் சார்பதிவாளர் அலுவலகங்களில் காக்கப்பட்டு வருகின்றன. உரிய கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். ஒரே தெருவின் இருமருங்கும் உள்ள மனைகளின் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, மேற்கெல்லையும் கிழக்கெல்லையும் என்ன பெயரால் குறிக்கப்படுகின்றன என்று பார்த்தால், தெருவின் பெயர் எப்போது பிறந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்குப் புலமை தேவையில்லை, பொறுமை தேவை. பழைய கையெழுத்தைப் படிக்கக் கூடிய ஒரு பத்திர எழுத்தரின் துணையும் இருந்தால் நலம்.

இவ்வாறு தேடிய ஒரு குடும்பத்தின் அனுபவத்தை அவர்கள் இசைவுடன் கூறுகிறோம். ஊரையும் பெயரையும் அவர்கள் வேண்டியபடி விடுத்தோம். தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு தெரு அக்குடும்பத்து முன்னோர் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. தெருவுக்கு நிலம் விட்டவரும், தெரு முனையில் உள்ள பொதுக் கிணற்றை வெட்டுவித்தவரும் அவரே என்பது வழிவழி வந்த செய்தி. பத்திரங்களைத் தொகுத்தபோது முதலில் கிடைத்தவை அத்தெருவை 'தெற்கு வடக்கு வீதி' என்று மட்டும் குறித்தன. 1890களைச் சேர்ந்த ஒரு தானப் பத்திரம் அதன் பின் கிடைத்தது. கிணற்றுக்கும், கிணற்றுக்குச் செல்லும் வழிக்கும் நிலம் எழுதி வைத்தவர் அம்முன்னோர் அல்லர்; அவருடைய தமையனாரின் மனைவி. கணவரை இழந்தவர், மக்கட்பேறு இல்லாதவர், தாய்வீட்டார் தந்த நிலத்தை ஊர்ப் பொதுவுக்கு விட்டிருக்கிறார். தம் பெயரை எழுத அறியாமல் கைநாட்டு வைத்திருக்கிறார். தெருப் பெயருக்கு உரியவரோ அப்பத்திரத்தில் முதற் சாட்சியாகக் கையொப்பம் இட்டிருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளின் பத்திரங்கள் அத்தெருவைக் 'கிணற்றுத் தெரு' என்கின்றன. பின்னரே முன்னோர் பெயர் தலைகாட்டுகிறது. அவ்வூரின் பத்திரங்கள் பலவற்றிலும் அவர் சாட்சியாக இருப்பதைக் கொண்டு, எழுத்து வேலைக்கெல்லாம் ஊரார் அவர் திண்ணையை நாடினர் என்று ஊகிக்கலாம். 'அவர் இருக்கும் தெரு' என்று வழங்கிய பேச்சே பெயராக நிலைத்திருக்க வேண்டும்.

குடும்பத்தில் இது சிறு பூசலை விளைவித்தது. மூத்தவர் ஒருவர், 'அந்த அம்மையாரும் நம் குடும்பத்தவரே. யாருக்கு என்ன நட்டம்? நூறாண்டு கழித்து இதை ஏன் கிளற வேண்டும்?' என்றார். மருமகள் ஒருவர், 'பத்திரத்தைப் பார்த்த பிறகும் வம்சாவளியில் பழைய கதையையே அச்சிடுவதாயின் என் பெயரைத் தொகுப்பாளர் வரிசையிலிருந்து நீக்கி விடுங்கள்' என்றார். இருவரும் நம்மிடம் கருத்துக் கேட்டனர்.

அத்தெருவின் பெயர் பொய்யா? அன்று என்பதே நம் துணிபு. உமாசுவாமி ஆச்சாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஒரு பொருளைச் சொல்லில் வைத்து வழங்கும் முறைகளை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நான்காக வகுத்தார். குணத்தை நோக்காது வழங்குவதற்காக மட்டும் இடும் பெயர் நாம நிக்ஷேபம். வீரம் சிறிதும் இல்லாதவனுக்கு வீரன் எனப் பெயர் இருக்கலாம். அப்பெயரால் அவனை அழைப்பவர் பொய்யர் ஆகார். வாய்மையைப் பத்தாக வகுக்கும் கோம்மடசாரமும் நாட்டு வழக்கால் அமையும் மெய்யையும் பெயரளவில் அமையும் மெய்யையும் அவற்றுள் சேர்த்துள்ளது. அரண்மனைக்காரன் தெரு என்று கூறி ஒருவருக்கு வழி காட்டினால் அவர் சரியான தெருவுக்கே சென்று சேர்வார். அவ்வளவில் அது மெய். ஆகவே இம்முன்னோர் பெயரால் தெரு வழங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை. அவரும் அப்பெயரை வேண்டினார் என்பதற்குச் சான்று இல்லை.

குற்றம் புகுவது பெயரில் அன்று, பெயரை விளக்கும் கதையில். நாமமாக நின்றதைப் பாவமாக, அதாவது குணம் உண்மையாகவே பொருந்தியதாக, எடுத்துரைக்கும்போது பொய் தொடங்குகிறது. 'இத்தெரு இவர் பெயரால் வழங்குகிறது' என்பது மெய். 'இவர் நிலம் கொடுத்தமையால் வழங்குகிறது' என்பது அறியாது சொன்னால் பிழை, அறிந்தபின் சொன்னால் பொய்.

இவ்விடத்தில் கோத்திர வினையைப் பற்றிய ஆகம உரையை நினைத்தல் பொருத்தமாகும். கீழ்க்கோத்திரம் கட்டுதற்குக் காரணங்களாக ஆச்சாரியர் கூறுபவை எவை? பிறரை இகழ்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத நற்குணத்தை வெளிப்படுத்தல் ஆகிய நான்கு. குலத்தின் உயர்வைப் பறைசாற்ற விரும்பி நாம் கூறும் கதை ஆகமத்தின் தராசில் எங்கு நிற்கிறது என்று பாருங்கள். அம்மையாரின் ஈகையை மறைக்கிறோம். அது உள்ள குணத்தை மறைத்தல். முன்னோர்க்கு அதை ஏற்றுகிறோம். அது இல்லாத குணத்தை வெளிப்படுத்தல். அவர் நம் முன்னோர் ஆதலால் தற்புகழ்ச்சியும் உடன் சேர்கிறது. நான்கில் மூன்று ஒரே வாக்கியத்தில் நிறைவேறி விடுகின்றன. உயர்குலம் என்று காட்டுவதற்கு நாம் செய்யும் செயலே கீழ்க்குலத்துக்கு வித்தாகிறது என்பது நம் சமயம் நமக்குக் கூறும் கசப்பான செய்தி.

இன்னொன்று. முன்னோர் செய்த தானத்தின் புண்ணியம் சந்ததிக்கு வருவதில்லை. வினை செய்த உயிருக்கே வினைப்பயன் என்பது நம் கொள்கையின் அடித்தளம். பாட்டனார் நிலம் பேரனுக்கு வரும்; அவர் கடன் வரும்; அவர் மூக்கும் நிறமும் கூட வரும். அவர் கட்டிய நற்கோத்திரம் வாராது. அவர் உயிர் எக்கதியில், எவ்வுடலில் உள்ளதோ, அதனோடு சென்றுவிட்டது. அங்ஙனமாயின் தெருப் பெயரால் நாம் அடையும் பெருமைக்குப் பொருள் என்ன? நமக்கு உரியதல்லாத ஒன்றை நம் கணக்கில் எழுதிக் கொள்கிறோம் என்பதைத் தவிர வேறில்லை.

மூத்தவர் வேறொரு வாதமும் கூறினார்; அது எளிதில் தள்ளத்தக்கதன்று. 'அந்த அம்மையார் பெயரை வேண்டாமலேதான் கொடுத்தார். வேண்டாதவர்க்கு இப்போது பெயர் கொடுப்பது அவர் தானத்துக்கு மாசு அன்றோ?' என்றார். பெயர் நாடாத பெருமை நம் மரபில் ஓங்கி நிற்பது உண்மை. நாலடியாரைப் பாடிய முனிவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உடல் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு, அவர் பெயரையும் நாட்களின் எண்ணிக்கையையும் கூறி முடிகிறது. எவ்வூரினர், எக்குலத்தினர், யார் மகன் என்ற செய்தி ஒன்றும் இல்லை. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, குகைப் பாழியை ஈந்த அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்குகிறது. அதில் படுத்துறங்கிய துறவியரின் பெயரைக் கூறவில்லை. துறந்தவருக்குப் பெயரும் ஒரு பரிக்கிரகமே.

ஆனால் கல்வெட்டுகளைத் தொடர்ந்து நோக்கினால் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. கழுகுமலையில் ஏறக்குறைய நூறு குறுங்கல்வெட்டுகள் உள்ளன. திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தவர் பெயரும் ஊரும் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியைகளின் பெயர்கள் அவற்றுள் உள்ளன. சில திருமேனிகள் வேறொருவரின் நன்மையைக் கருதி, அவரைச் சார்த்திச் செய்யப்பட்டவை. தம் பெயரோடு தாம் நன்றி செலுத்த விரும்பியவர் பெயரையும் கல்லில் எழுதினர். அதைச் செருக்கென்று நாம் கூறத் துணிவோமா? ஜினாலய விளக்கின் கண்ணாடி முழுதும் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கும் இக்கால வழக்கத்தோடு அதை ஒப்பிட முடியாது.

நாம் கருதுவது இது. கொடுத்தவர் தம் கொடையை மறத்தல் அவருக்கு அறம். பெற்றவர் அதை மறத்தல் அறமாகாது. இவ்விரண்டையும் குழப்புவதால்தான் மூத்தவரின் வாதம் வலிமையுடையது போல் தோன்றுகிறது. இனி அக்குடும்பத்தார் இவ்விடயத்தில் கொடுத்தவர்களா, பெற்றவர்களா? கொடையாளியின் வழித்தோன்றல்கள் என்று அவர்கள் தம்மை எண்ணினர். அவ்வம்மையார்க்கோ மக்கள் இல்லை. இவர்கள் நான்கு தலைமுறையாக அக்கிணற்று நீரைப் பருகியவர்கள்; அவ்வழியில் நடந்தவர்கள். ஊரார் எல்லாரையும் போல இவர்களும் பெற்றவர்களே. பெற்றவர்க்கு உரிய கடமைதான் இவர்களுக்கும்.

வாய்மை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் நியாசாபகாரம் ஒன்று. பூஜ்யபாத ஆச்சாரியர் ஸர்வார்த்தசித்தியில் அதை விளக்கும் முறை நுட்பமானது. ஒருவன் பிறரிடம் அடைக்கலமாகப் பொருள் வைக்கிறான். பின் அதன் அளவை மறந்து, குறைத்துக் கேட்கிறான். வைத்திருப்பவன் உண்மை அறிந்தும், 'அப்படியே, பெற்றுக் கொள்' என்று கூறிக் குறைத்தே கொடுக்கிறான். அவன் எதையும் திருடவில்லை. பொய்யான எண் ஒன்றையும் தானாகச் சொல்லவில்லை. பிறன் மறதிக்கு உடன்பட்டான், அவ்வளவே. ஆச்சாரியர் அதையும் வாய்மைக்கு இழுக்கென்றார். இறந்தோர் நற்செயல்களின் நினைவு நம்மிடம் அடைக்கலமாக உள்ளது. அவர்களால் திரும்பக் கேட்க இயலாது. ஊரும் மறந்துவிட்டது. மறதிக்கு உடன்படுவது எளிது, இலாபமும் நமக்கே.

நம் வம்சாவளிகள் பெரும்பாலும் ஆண்வழி கொண்டு எழுதப்படுபவை. மக்கட்பேறு இல்லாதவர் பெயருக்குப் பின் ஒரு கோடிட்டு 'சந்ததி இல்லை' என்று முடித்து விடுகிறோம். மனைவியர் பெயர் சிலவற்றில் மட்டும் உண்டு. தாய்வீட்டுச் சீதனத்திலிருந்து பெண்கள் செய்த அறங்கள் கணவர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ போய்ச் சேர்ந்தமை இவ்வொரு குடும்பத்தில் மட்டும் நிகழ்ந்திருக்கும் என்று நாம் எண்ணவில்லை. பத்திரங்களில் அவர்கள் 'இன்னார் பாரியாள்' என்று எழுதப்பட்டிருப்பர். அச்சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டி விடாமல் முழுதும் படிக்க வேண்டுகிறோம். கோயில் பித்தளைக் குத்துவிளக்குகளின் அடிப்புறத்தையும், பழைய அண்டாக்களின் விளிம்பையும் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். பழைய பாத்திரங்களை எடைக்குப் போடுமுன் அதிலுள்ள எழுத்துகளைப் படி எடுத்துக் கொள்வது பெரிய வேலையன்று.

அக்குடும்பத்தார் வம்சாவளியை அச்சிட்டு விட்டனர். தமையனார் பெயருக்கு நேரே முன் படியில் 'சந்ததி இல்லை' என்றிருந்த இடத்தில் அம்மையாரின் பெயரும் தானப் பத்திரத்தின் எண்ணும் இப்போது உள்ளன. தெருப் பெயருக்கு உரிய முன்னோரைப் பற்றி, 'ஊர்ப் பத்திரங்கள் பலவற்றுக்குச் சாட்சியாக இருந்தவர்' என்று ஒரு வரி எழுதியுள்ளனர். அதுவும் நற்பெயரே, பிறர் உடைமை குறித்து உண்மை கூறுவார் என்று ஊர் நம்பியவரைத்தானே சாட்சிக்கு அழைக்கும். மூத்தவர் முழு மனத்தோடு இசைந்தார் என்று கூற முடியாது. ஆயினும் தடுக்கவில்லை.

தெருப் பலகையை மாற்ற வேண்டுமா என்று கேட்டனர். அதற்கு அவர்கள் மனுச் செய்ய வேண்டியதில்லை என்றே கூறினோம். இன்று அத்தெருவில் நம்மவர் வீடுகள் இரண்டே. ஏனையோர் பல குடியினர். பெயர் பற்றி ஊராட்சியினர் என்றேனும் விசாரித்தால் பத்திர நகல்களைக் காட்டி உள்ளதை உள்ளவாறு கூறுதல் வேண்டும். பழைய பெயரே நிற்கட்டும் என்றாலும், கிணற்றுத் தெரு என்றாலும், புதுப் பெயர் வேண்டும் என்றாலும், அது அத்தெருவில் வாழ்வோர் கூடி முடிவு செய்ய வேண்டியது. கிணறு தூர்ந்துவிட்டது. கற்பலகையிட்டு மூடி அதன்மேல் அடிகுழாய் வைத்திருக்கின்றனர்.